மிளாவின் பின்னால் மூன்று மணி நேரம்

1

ஆஸ்திரேலியாவுக்கு வந்து பத்து வருடம் நிறைந்த சனிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு நான் ஒரு மிளாவைச் சுட்டேன்.

சுட்டேன் என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எண்பது மீட்டர் தள்ளி, ஓடைக்கு மேலே உள்ள சரிவில், அது பக்கவாட்டில் நின்று புல்லை மென்றுகொண்டிருந்தது. நான் துப்பாக்கியை மரத்தில் சாத்தி, அதன் மேல் பூட்டிய தொலைநோக்கிக்குள் பார்த்து, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி வைத்தேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். பயிற்சி வகுப்பில் சொன்னதெல்லாம் வரிசையாகச் செய்துவிட்டு, கடைசி நொடியில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். தீபாவளி அணுகுண்டைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பி நிற்பவன் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் என் முகம் இருந்திருக்கும்.

துப்பாக்கி பின்னால் உதைத்தது. முகத்தை அளவுக்கு மீறி ஒட்டி வைத்திருந்ததால் தொலைநோக்கியின் விளிம்பு வந்து வலது புருவத்தைப் பிறை வடிவில் கிழித்தது. ஆகவே அந்தக் காட்டில் அன்று முதலில் ரத்தம் சிந்தியவன் நான்தான்.

அதற்குள் ஒரு சத்தம் கேட்டது. வெடிச் சத்தத்துக்குப் பிறகு, அது போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து, ஈரச் சாக்கை உலக்கையால் அடித்த மாதிரி. ஒரு கண்ணில் ரத்தமும் மறு கண்ணில் கண்ணீருமாகப் பார்த்தபோது மிளா முதுகைக் கூனிக்கொண்டு, வயிற்றைப் பிடித்த மனிதன் மாதிரி நாலு எட்டு வைத்து, ஆளுயரப் பெரணிச் செடிகளுக்குள் போய் மறைந்தது.

நான் ஓடினேன். அதன் பின்னாலேயே, கத்திக்கொண்டு. அந்த மூன்று மணி நேரத்தின் பாவமெல்லாம் அந்த ஓட்டத்தில்தான் ஆரம்பித்தது.

2

நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். மிளா என்றால் களக்காடு மலைப்பக்கம் இருக்குமே, குதிரை உயரத்தில், கரடுமுரடான பழுப்பு மயிரோடு ஒரு மான், அதே மிளாதான். அங்கே அதைத் தொட்டால் சிறை. இங்கே யாரோ வெள்ளைக்காரப் பிரபுக்கள் முன்னொரு காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் பிடித்துக் கப்பலில் கொண்டுவந்து, பொழுதுபோக்குக்காகக் காட்டில் விட்டார்கள். அது பெருகி மேய்ச்சலைத் தின்று வேலியை உடைக்கிறது, சுட அனுமதி உண்டு. மொத்தத்தில் நம்ம பக்கத்து ஆள்தான். எனக்கு முன்னால் வந்து, என்னைவிட நன்றாகக் காலூன்றிவிட்டது. ஆங்கிலத் தேர்வு எழுதாமல் உள்ளே வந்த ஒரே உறவுக்காரன்.

நான் புன்னைக்காயல் கடற்கரைக்காரன். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டினேன். மனைவி ரெஜினா நாசரேத்துக்காரி; ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவளுக்குக் கிடைத்த விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். இந்த மலையடிவார ஊரில் அவள் ஆஸ்பத்திரியில் வயிறுகளைத் திறக்க உதவுகிறாள். நான் பால்மாவு ஆலையில் மூட்டைகளை அடுக்குகிறேன்.

துப்பாக்கி வாங்கியதற்குக் காரணம் மகன் ஜோயல். ஒன்பது வயதில் எங்களோடு வந்தான். இப்போது பத்தொன்பது, மெல்பர்னில் படிக்கிறான். போன ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்தவன், ஆட்டுக்கறிக் குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு, இனிமேல் இறைச்சி சாப்பிடுவதில்லை என்றான். ஆங்கிலத்தில்தான். அவனுக்குத் தமிழ் புரியும், திருப்பித் தருவதில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். கடலோரத்துப் பிள்ளைக்கு இது என்ன நோய் என்று கேட்டேன். அவன் நிதானமாக, நீங்கள் தின்பதை எல்லாம் வேறு யாரோ கொன்று பிளாஸ்டிக்கில் சுற்றித் தருகிறார்கள், உங்களால் ஒன்றைக் கொல்ல முடியுமா, கொல்ல முடியாதவன் எந்த உரிமையில் தின்கிறான் என்று கேட்டான்.

ஒரு மாதம் அதையே மென்றேன். பிறகு விண்ணப்பப் படிவத்தை எடுத்தேன்.

துப்பாக்கி வேண்டியதற்கான நியாயமான காரணம் என்ன என்று ஒரு கேள்வி. ‘மகன்’ என்று எழுதிவிட்டேன். ரெஜினா பார்த்துவிட்டு, இதைப் படித்தால் துப்பாக்கி வராது, போலீஸ்தான் வரும் என்று சொல்லி அடித்துவிட்டு, ‘வேட்டை’ என்று எழுதவைத்தாள். பயிற்சி வகுப்பில், ஒருவர் உன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். நன்றி சொல்வேன் என்றேன். உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான விடை. வகுப்பே சிரித்தது; நான் ஜோக் அடித்ததாக நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

அப்புறம் போலீஸ் வந்தது, துப்பாக்கி வைக்கும் இரும்பு அலமாரியைச் சோதிக்க. அதைச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். நானும் முடுக்கியிருந்தேன். இந்த நாட்டு வீட்டுச் சுவர் உள்ளே வெற்றிடமான அட்டை. மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பார்த்து அதில்தான் முடுக்க வேண்டும் என்பது சுண்ணாம்புச் சுவரில் வளர்ந்தவனுக்கு எப்படித் தெரியும்? வந்த பெண் போலீஸ் லேசாக ஆட்டிப் பார்த்தார். அலமாரி சுவரில் பாதியைப் பெயர்த்துக்கொண்டு என் இடது கால் பெருவிரலில் இறங்கியது. நகம் போன வாரம்தான் முழுசாக விழுந்தது.

3

நான் சுட்டது ஜூலி என்ற பால்பண்ணைக்காரியின் நிலத்தில். நாற்பது மாடு வைத்திருக்கிறாள், எட்டு மைல் சுற்றளவுக்கு அவளைவிடத் துப்பாக்கி தெரிந்த ஆள் இல்லை என்கிறார்கள். மிளாக்கள் வேலியை உடைத்து உடைத்து அவளைப் பைத்தியமாக்கியிருந்ததால் எனக்கு அனுமதி கொடுத்தாள். கனமான குண்டு வாங்கு என்று சொன்னவளும் அவள்தான்.

குண்டின் எடையைக் கிரெய்ன் என்கிறார்கள். ஏதோ ஒரு தானிய மணியின் எடை. முத்தை மஞ்சாடி விதையால் நிறுத்த ஊர்க்காரனுக்கு இது அந்நியமாகப் படவில்லை. நூற்றியெண்பது கிரெய்ன் என்பது ஏறக்குறைய ஒன்றரைப் பவுன். ஒரு சின்னச் சங்கிலி கனத்துக்குச் செம்பு போர்த்த ஈயம். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. அது ஒரு விலங்குக்குள் நுழைந்த இடத்தைப் பார்த்த பிறகு நான் அதை உள்ளங்கையில் வைப்பதில்லை.

ஜூலி சொன்ன விவரம் இதுதான். இலேசான குண்டு வேகமாகப் போகும். தோள் எலும்பில் பட்டால் அங்கேயே சிதறிப்போகும். வெளியே ஒரு பெரிய பொத்தல், உள்ளே உயிர் அப்படியே. அந்தப் புண்ணோடு மிளா அடுத்த மலைக்குப் போய்விடும். கனமான குண்டு கொஞ்சம் மெதுவாகப் போகும், ஆனால் எலும்பை உடைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியே வரும். இரண்டு பொத்தல், இரண்டு பக்கமும் ரத்தம். ஆகவே கனமான குண்டு கொல்வதற்கு மட்டுமில்லை, சுட்டதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கும்தான்.

நான் இதில் எனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொண்டேன். குண்டு கனமாக இருந்தால் சுடுகிறவன் கொஞ்சம் மோசமாக இருக்கலாம் என்று.

இன்னொன்றும் சொன்னாள். சுட்டதும் உட்கார். மணியைப் பார். விழுந்தது கண்ணுக்குத் தெரியாவிட்டால் அரை மணி நேரம் அசையாதே. அடிபட்டது கொஞ்ச தூரம் போய்ப் படுக்கும். பின்னால் ஆள் வராவிட்டால் படுத்த இடத்திலேயே முடிந்துவிடும். விரட்டினால் எழுந்து ஓடும். ஓட ஓட வேதனை. நான் தலையை ஆட்டினேன். நம்ம தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று இவர்களுக்குப் புரிவதில்லை. அன்றைக்கு எனக்கே புரியவில்லை.

4

ஏன் ஓடினேன் என்று கேட்டால், என் கன்னத்தில் பதில் இருக்கிறது.

கல்லூரி விடுமுறையில் பெரியண்ணன் அந்தோணியின் வள்ளத்தில் போவேன். உதவிக்கு என்று பெயர். பாதி நேரம் விளிம்பில் தொங்கி வாந்தி. ஒருநாள் என் கைத்தூண்டிலில் பெரிய பாறை மீன் ஒன்று மாட்டியது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. கொஞ்சம் ஏறி வந்ததும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. கயிற்றைப் பலகையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வள்ளத்தில் இருந்தவர்களைப் பார்த்து ஏதோ கேலி பேசினேன். என்ன கேலி என்று நினைவில்லை. சிரித்தார்கள் என்பது நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கயிறு கனம் இழந்தது. இழுத்துப் பார்த்தால் தலை மட்டும் வந்தது. செவுளுக்குப் பின்னால் சுறா ஒரே கடியில் எடுத்துக்கொண்டு போயிருந்தது. வாய் இன்னும் திறந்து மூடியது.

அண்ணன் அந்தத் தலையை என் கையிலிருந்து பிடுங்கி, அதைக்கொண்டே என் கன்னத்தில் அறைந்தான். செதில் வெட்டி ரத்தம் வந்தது.

“ஏலே, கொத்துனா இழுக்கணும். நின்னு கதை பேசுனேன்னா தலைதாம்ல மிஞ்சும்” என்றான்.

அதற்குப் பிறகு மாட்டிய எதையும் நான் விட்டு வைத்ததில்லை. இழு, கொக்கியைப் போடு, வள்ளத்துக்குள் தள்ளு, துடிப்பதற்குள் கட்டையால் மண்டையில் அடி. எங்கள் ஊரில் கொலை என்பது இவ்வளவு அவசரமான வேலை. கடலில் ரத்தத் தடம் என்று ஒன்று கிடையாது. தண்ணீர் உடனே துடைத்துவிடும், இல்லையென்றால் சுறாவுக்குச் சொல்லிவிடும். அடிபட்டதைப் போகவிட்டு, உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, அப்புறம் தடம் பார்த்துப் போவது என்று புன்னைக்காயலில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

கால் ஓடியது. மூளையைக் கேட்கவே இல்லை.

5

பெரணிக்குள் இருபது நிமிடம் ஓடினேன். முன்னால் இரண்டு தடவை கிளை முறியும் சத்தம் கேட்டது. அந்தத் திசையில் இன்னும் வேகமாக ஓடினேன். பிறகு சத்தமே இல்லை. தரையில் மட்டும் பளிச்சென்ற சிவப்புச் சொட்டுகள். அதைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து போனேன். நல்ல தடம், கைப்பிடி மாதிரித் தொடர்ந்தது. ஒரு பெரிய மரத்தைச் சுற்றி நான் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. அப்போதுதான் அடுத்த சொட்டு என் புருவத்திலிருந்து என் கண்முன்னாலேயே விழுந்தது.

துப்பாக்கியைப் பார்த்தேன். மூன்று குண்டுகளோடு அடியில் மாட்டியிருந்த பெட்டி ஓட்டத்தில் கழன்று எங்கோ விழுந்திருந்தது. சட்டைப் பையில் உதிரியாக ஒரே ஒரு குண்டு.

சரிவின் உச்சிக்கு ஏறினால்தான் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும். ஏறி ரெஜினாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு அன்று விடுமுறை, தூங்கிக்கொண்டிருந்தாள்.

“ஏளா, சுட்டுட்டேன். ஒரே ரத்தம்” என்றேன்.

“உங்களையா சுட்டிய?”

“இல்ல, மிளாவ. ஆனா ரத்தம் ரெண்டு பேருக்கும் வருது.”

அவள் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, நின்ற இடத்தில் நிற்கும்படியும் கண் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாக மூடிப் பார்க்கும்படியும் சொன்னாள். ஜூலியைக் கூப்பிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அரை மணி நேரம் உட்கார் என்று சொன்ன பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது? அதுவரை எனக்கிருந்த பயமெல்லாம் மானத்தைப் பற்றித்தான். மிளாவைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ரெஜினா இருபது நிமிடத்தில் வந்தாள். ஆஸ்பத்திரி ரப்பர் செருப்பு, என் மழைக்கோட்டு, கையில் முதலுதவிப் பெட்டி. புருவத்தில் மூன்று பட்டை ஒட்டினாள். சுட்ட இடத்தைக் காட்டச் சொன்னாள். அங்கே மிளா நின்ற தரையில் ஒரு கொத்து மயிரும், சிறிது தள்ளிச் செடித்தண்டின் பக்கவாட்டில் ஒரு தீற்றலும் கிடந்தன. விரலில் எடுத்துக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். முகம் மாறியது.

நுரையீரல் ரத்தம் என்றால் ரோஜா நிறத்தில் நுரையோடு இருக்கும், அப்படி அடிபட்டது நூறு அடியில் விழுந்திருக்கும் என்றாள். இது காப்பித்தூள் கலந்த சிவப்பு. தியேட்டரில் இந்த நிறம் வந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்களாம்.

“ஈரல்ல அடிச்சிருக்கிய. அதுவும் ஓரத்துல. உடனே சாவாது. ஆனா கண்டிப்பா செத்துப்போவும். மணி என்ன?”

மூன்று ஆகியிருந்தது. இது குளிர்காலம், ஐந்தேகாலுக்குச் சூரியன் மறையும், அதற்கப்புறம் அரை மணி நேரம் வரை சுடலாம், பிறகு சட்டம் அனுமதிக்காது. அதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் அது அந்தக் காட்டில், நான் போட்ட பொத்தலோடு, இருட்டில் தனியாகக் கிடந்து சாகும். ரெஜினா இதை ஒரு நோயாளியின் நிலைமையைச் சொல்கிற குரலில் சொன்னாள். மானமெல்லாம் அந்த இடத்திலேயே கழன்று விழுந்துவிட்டது.

6

அவள் தேடிய கவனத்தோடு நான் ஜெபம்கூடச் செய்ததில்லை. ரத்தம் கண்ட ஒவ்வோர் இடத்திலும் செடியில் ஒரு துண்டுக் கட்டுத்துணி கட்டினாள். திரும்பிப் பார்த்தால் வெள்ளைத் துண்டுகள் வலை மிதப்புகள் மாதிரி வரிசையாகத் தெரியும். மிளா போன திசை அந்த வரிசையிலேயே இருக்கும். அடுத்த சொட்டு கிடைக்கும்வரை முந்தைய துண்டை விட்டு நகரக் கூடாது.

நான் பதற்றத்தில் இருபது தடவை, இங்க ரத்தம் என்று கத்தினேன். குளிரில் காட்டுமுள்ளின் இலைகள் சிவந்து புள்ளி போட்டிருக்கும். ரெஜினா பெட்டியிலிருந்து புண் கழுவும் பெராக்சைடு பாட்டிலை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டாள். ரத்தமென்றால் வெள்ளையாகப் பொங்கும். இலைப்புள்ளி பொங்கவில்லை. அடுத்ததும் பொங்கவில்லை. அதற்கடுத்தது நன்றாகப் பொங்கியது.

“இது ஒங்களுது” என்றாள், நிமிர்ந்து பார்க்காமலே. “இலைக்கு மேல வட்டமா விழுந்திருக்கு. பளிச்சுனும் இருக்கு. மிளா நடந்துபோனா தண்டுல பக்கவாட்டுல தேச்சுக்கிட்டுப் போவும், கருஞ்செவப்பா. காட்டையே கெடுத்து வச்சிருக்கிய மனுசா.”

கருஞ்சிவப்புத் தீற்றல் தடத்தின் இரண்டு பக்கமும், இடுப்பு உயரத்தில் இருந்தது. ஜூலி சொன்னது சரி. கனமான குண்டு இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறியிருக்கிறது. அது இல்லாவிட்டால் எங்களுக்குத் தடமே இருந்திருக்காது.

சுட்ட இடத்திலிருந்து நூற்றிருபது எட்டில் முதல் படுக்கையைப் பார்த்தோம். பெரணி வட்டமாக நசுங்கியிருந்தது. நடுவில், ஒரு சோற்றுத்தட்டு அளவுக்கு, உறைந்து கூழான ரத்தம். அதன் மேல் ஒரு பூட்ஸ் தடம்.

என் பூட்ஸ் தடம்.

ரெஜினா அதையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கத்துச் செடியில் துணி கட்டினாள். நான் ஒரு கேலியைத் தேடினேன். கிடைக்கவில்லை. முதலில் கேட்ட கிளை முறியும் சத்தம் இதுதான். அது இங்கே படுத்திருக்கிறது. நான் கத்திக்கொண்டு வந்து எழுப்பியிருக்கிறேன்.

இரண்டாவது படுக்கை இன்னும் இருநூறு எட்டு தள்ளி, விழுந்த மரம் ஒன்றின் பின்னால். அங்கே ரத்தத்தோடு வெள்ளையாகக் கொழுப்புத் துணுக்குகளும் கிடந்தன. அதன் பிறகு தடம் மெலிந்தது. பொத்தலைக் கொழுப்பு அடைத்திருக்கும் என்றாள். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையில் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். ஓரிடத்தில் நாங்கள் இரண்டு பேரும் கைகளை ஊன்றித் தவழ்ந்தோம். முள் அவள் முழங்கையைக் கிழித்தது. நாலரைக்கு நான் விட்டுவிடலாம் என்றேன்.

அவள் எழுந்து நின்று, சிவந்த கையை இடுப்பில் ஊன்றினாள்.

“வயித்தத் தொறந்து வச்சுக்கிட்டு, நேரமாச்சுன்னு எந்த டாக்டராவது வீட்டுக்குப் போவானா? தேடுங்க.”

மூன்றாவது படுக்கை ஓடைக்கு இறங்குகிற மேட்டில் இருந்தது. அங்கே குனிந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மடக்கிய முன்னங்கால்களின் தடம், நாங்கள் ஏறி வந்த பக்கத்தை நோக்கி இருந்தது. முதல் இரண்டு படுக்கைகளிலும் அப்படித்தான் இருந்தது; எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அடிபட்ட மிளா வந்த வழியைப் பார்த்துத்தான் படுக்கிறது. அங்கிருந்து எங்களுடைய வெள்ளைத் துண்டுகள் ஏழெட்டு நன்றாகத் தெரிந்தன. நாங்கள் தவழ்ந்ததையும் சண்டை போட்டதையும் அது இங்கே கிடந்து பார்த்திருக்கிறது. இந்த ரத்தம் இன்னும் உறையவில்லை. ரெஜினா பெராக்சைடு பாட்டிலை மூடி வைத்தாள்.

7

ஓடையில், மரப் பெரணி ஒன்றின் கீழே, தண்ணீரில் பாதியாகக் கிடந்தது. தலை நிமிர்ந்திருந்தது. கொம்பு ஒரு முழம்கூட இல்லாத இளம் ஆண். எங்களைக் கண்டதும் முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது, பின்பகுதி எழவில்லை. கற்களில் குளம்பு வழுக்கி வழுக்கி, மறுபடி விழுந்தது. மறுபடி ஊன்றியது. விலா ஓரத்துப் பொத்தலிலிருந்து ஒவ்வோர் எழலுக்கும் ஒரு கை அளவு கருப்பு ரத்தம் தண்ணீரில் விழுந்தது. மூச்சு, ஆலையில் நீராவிக் குழாய் கசிகிற மாதிரிக் கேட்டது.

பத்து எட்டு தூரம். பையிலிருந்த குண்டை எடுத்தேன். அவசரத்தில் அது கை நழுவிக் கூழாங்கல்லில் விழுந்து உருண்டது. மண்டியிட்டுத் தேடினேன். மிளா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் என் கை துப்பாக்கியை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த ஒரு தடித்த கட்டையைத் தூக்கிவிட்டது. வள்ளத்துப் பழக்கம். மண்டையில் அடித்து முடித்துவிடலாம் என்று கை நினைத்தது. ஓரெட்டு முன்னால் வைத்தேன். அது கொம்பைத் தாழ்த்தி, இருக்கிற உயிரையெல்லாம் கூட்டி என்மேல் பாய்ந்தது. பாதி தூரம்கூட வரவில்லை. நான் பின்னால் சரிந்து ஓடைக்குள் மல்லாந்து விழுந்தேன். வாயில் போன தண்ணீரில் ரத்த ருசி இருந்தது.

ரெஜினா குண்டைக் கண்டெடுத்து, என் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

“கட்டையப் போடுங்க. காதுக்குக் கீழ, கழுத்து எலும்பு. மூச்ச விடுங்க. இந்தத் தடவ கண்ண மூடாதிய.”

கீழே கிடந்த துப்பாக்கியை எடுத்து, குண்டைக் குழலுக்குள் கையால் தள்ளினேன். நனைந்த முழங்கையைக் கல்லில் ஊன்றினேன். மூச்சை விட்டேன். கண்ணை மூடவில்லை.

பத்து எட்டுக்குள் அந்தக் குண்டு செய்வதைத் திறந்த கண்ணால் பார்ப்பவனுக்கு அதைப் பற்றி வேறு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கழுத்து ஒரு பக்கம் உடைந்து திறந்தது. எலும்புத் துணுக்குகள் பின்னாலிருந்த மரத்தில் போய்ப் பதிந்தன. தலை தண்ணீரில் விழுந்தது. பின்னங்கால்கள் மட்டும் ஓடுகிற மாதிரி ஐந்தாறு தடவை உதைத்தன. ஓடை எங்களைத் தாண்டிக் கொஞ்ச நேரம் சிவப்பாக ஓடியது.

ரெஜினா ஒரு பெரணித் தண்டால் அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். இமை அசையவில்லை. மணி ஐந்து. அவள் கழுத்துச் சிலுவையை ஒரு தடவை பிடித்துவிட்டு, சட்டைக் கையை மடக்கினாள்.

அங்கேயே வயிற்றைத் திறந்தோம். கத்தி பிடிப்பது மட்டும் எனக்குத் தெரிந்த வேலை. ஆவி எழுந்தது. அவள் உள்ளே கைவிட்டு முதல் குண்டு போன வழியைக் காட்டினாள். விலா எலும்பை நேராக வெட்டிக்கொண்டு புகுந்து, கல்லீரலின் பின்னோரத்தில் ஒரு பிடி கிழித்து, மறுபக்க விலாவையும் உடைத்து, கட்டைவிரல் நுழையும் பொத்தலாக வெளியேறியிருந்தது. ஒரு சாண் முன்னால் போயிருந்தால் இரண்டு நுரையீரலும் போயிருக்கும். குண்டு சொன்ன வேலையைக் குறையில்லாமல் செய்திருந்தது. தப்பான இடத்தைச் சொன்னவன் நான்.

ரெஜினா உச்சிக்கு ஏறிக் கூப்பிட, ஜூலி டிராக்டரோடு வந்து, இறைச்சியை ஏற்ற உதவினாள். என் புருவத்தைப் பார்த்தாள், வெள்ளைத் துண்டுகளின் வரிசை எவ்வளவு தூரம் போகிறது என்றும் பார்த்தாள். எல்லாம் விளங்கியிருக்கும்.

8

ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குப் போகவில்லை. சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து இறைச்சியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தோம். ஜோயல் கூப்பிட்டான். ஒலிபெருக்கியைப் போட்டாள் ரெஜினா. அவள் ஏற்கெனவே செய்தி அனுப்பியிருக்கிறாள், அப்பா சுட்டுவிட்டார் என்று.

ஒரே அடியா என்று கேட்டான்.

நாக்கு தயாராக இருந்தது. புருவம், அலமாரி, என் ரத்தத்தை நானே துரத்திப் போனது, எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்து அவனைச் சிரிக்கவைத்திருக்கலாம். பத்து வருடமாக அவனோடு அப்படித்தான் பேசிவருகிறேன். ரெஜினா கத்தியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

இல்லை, மூன்று மணி நேரம் ஆயிற்று என்றேன்.

அவ்வளவு நேரம் அது ஏன் சாகவில்லை என்று கேட்டான். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ள விரும்பினான்.

“மொத அரை மணி நேரம் என் குண்டுக்குப் பட்ட பாடுப்பா. நான் பின்னால போவாம இருந்தா அங்கனயே படுத்துச் செத்திருக்கும். மிச்சமெல்லாம் நான் ஓடுனதுக்குப் பட்டது. மூணு தடவ படுத்துச்சு. மூணு தடவயும் நாந்தான் எழுப்புனேன்.”

அவன் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்துவதும் ஒரு பேருந்து போவதும் கேட்டது. நான் ரத்தக் கையோடு நின்றேன். சிரிப்பு மூட்ட நான் முயலவில்லை, மீதியையும் கேட்க அவன் காத்திருந்தான்.